மர்மம் திரையில் மட்டும் இருக்கட்டும்

நான்கு மாணவர்கள், ஒரு கைத்தொலைபேசி, இரண்டு நிமிடம். ஒரு மர்மப் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். முழுப் படம் வேண்டாம். கொலையாளி யார் என்றும் சொல்ல வேண்டாம். ஆனால் பார்ப்பவர் "அடுத்து என்ன?" என்று கேட்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் தேர்வு முறையில் ஊடகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இப்படி ஒரு செய்முறைப் பணி உண்டு. படத்தின் பெயரும் பணியாற்றியவர்களின் பெயர்களும் சேர்த்து இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. திரைக்கலை கற்பவர்கள் எங்கிருந்தாலும் இதுபோன்ற ஒரு பயிற்சியைச் சந்திக்காமல் இருக்க முடியாது.

எளிய பணி போலத் தெரியும். இறங்கிப் பார்த்தால்தான் சிரமம் புரியும். பெரும்பாலான குழுக்கள் முதலில் யோசிப்பது கத்தி, இரத்தம், முகமூடி, இருட்டு. இரண்டு நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். பார்ப்பவருக்குப் பயமும் வராது, ஆவலும் பிறக்காது. ஏன் அப்படி?

ஒரு மேசை, ஒரு வெடிகுண்டு

இதற்கு விடை சொன்னவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ அவரை நீண்ட பேட்டி கண்டார். அதில் அவர் சொன்ன உதாரணம் இன்றும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. இருவர் மேசையில் அமர்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்ப்பவருக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டால்? அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதும் தவிப்பாக மாறிவிடும்.

இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதில்தான் மர்மம் பிறக்கிறது. 1958ல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படம் இதற்குச் சிறந்த பாடம். ஒரு காரின் பின்பெட்டியில் குண்டு வைக்கப்படுவதை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கேமரா அந்தக் காரையும் தெருவையும் பின்தொடர்கிறது. கார் நிற்கும்போதெல்லாம் பார்ப்பவரின் மனம் பதறுகிறது.

தமிழிலும் முன்னோடிகள் உண்டு. 1954ல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடல் ஒன்றுகூட இல்லாமல் வந்த படம். தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் இறந்து விழுகிறார். நாயகனை முதலிலேயே சாகடித்துவிட்டு, ஏன், யார் என்ற கேள்விகளை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 1964ல் வெளிவந்த 'புதிய பறவை' நேர் எதிரான வழியைப் பிடித்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பலில் காதல் கதைபோல இனிமையாகத் தொடங்கி, நாயகன் மறைத்து வைத்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தது.

தேக்காவில் ஒரு மாலை

இப்போது நான்கு மாணவர்கள் செலவில்லாமல் எடுக்கக்கூடிய ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

ஓர் இளம்பெண் பூக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கைகளும் நூலும் மட்டும் தெரிகின்றன. தொலைபேசி ஒலிக்கிறது. ஒரு மாலை வேண்டும் என்று யாரோ கேட்கிறார்கள். முகவரியைத் தாளில் குறித்துக்கொள்கிறாள். தேக்கா நிலையத்தை ஒட்டிய வீவக அடுக்குமாடி ஒன்றில் மின்தூக்கிக்காகக் காத்திருக்கிறாள். நீண்ட நடைபாதையில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். ஒரு வீட்டின் இரும்புக் கதவு திறந்தே இருக்கிறது. கூடத்தில் யாருமில்லை. சுவரில் ஒரு படம், அதன்முன் எரியும் குத்துவிளக்கு. மாலையோடு நெருங்கிப் போகிறாள். படத்தில் இருப்பது அவளுடைய முகம். திரை இருள, படத்தின் பெயர் தோன்றுகிறது.

கத்தி இல்லை, இரத்தம் இல்லை. மாலை போட்ட படத்துக்கு என்ன பொருள் என்பது தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பொதுவான அறிவே இங்கே ஆயுதம்.

இதே காட்சியை வேறு வரிசையிலும் அடுக்கலாம். முகம் தெரியாத ஒரு கை, அந்தப் பெண்ணின் படத்துக்கு முன் விளக்கேற்றுவதை முதலில் காட்டிவிடலாம். அதற்குப் பிறகு அவள் சிரித்தபடி பூக்கட்டுவது, மின்தூக்கியில் தலைமுடியைச் சரிசெய்வது, வீட்டு எண்ணைத் தேடுவது எல்லாமே பார்ப்பவரை நெளியவைக்கும். படம் கடைசியில் வந்தால் அதிர்ச்சி, முதலில் வந்தால் தவிப்பு. காட்சித் துண்டுகள் அதேதான், அடுக்கும் வரிசை மட்டும் வேறு. இரண்டு விதமாகவும் தொகுத்துப் பார்த்து, கதை தெரியாத நண்பர் ஒருவரிடம் போட்டுக்காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

நேரக் கணக்கு

இரண்டு நிமிடம் என்பது 120 நொடி. பூக்கட்டுவதற்கும் தொலைபேசிக்கும் 30, மின்தூக்கிக்கு 20, நடைபாதைக்கு 30, வீட்டுக்குள் 30, பெயருக்கு 10 என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காட்சித் துண்டையும் கட்டம் போட்டு வரைந்துகொண்டால் படப்பிடிப்பில் பாதி நேரம் மிச்சமாகும். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குச்சி மனிதர்களே போதும்.

அந்தப் பெண் இடமிருந்து வலமாக நடந்தால், அடுத்த துண்டிலும் அதே திசையில் நடக்க வேண்டும். கேமரா மறுபக்கம் தாவிவிட்டால் அவள் திரும்பிப் போவதுபோல் தோன்றும். ஒவ்வொரு துண்டிலும் நடிப்பு தொடங்குவதற்கு முன்பு ஐந்து நொடி, முடிந்த பின்பு ஐந்து நொடி கூடுதலாகப் பதிவு செய்வது படத்தொகுப்பாளருக்குச் செய்யும் பெரிய உதவி.

அடுக்குமாடி நடைபாதை விளக்குகளில் எடுக்கும் காணொளியில் சில சமயம் கோடுகள் ஓடும், வெளிச்சம் துடிக்கும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. கைத்தொலைபேசிகள் பலவும் நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் பதிவு செய்கின்றன. அமைப்பை 25 படத்துக்கும், ஷட்டர் வேகத்தை 50ல் ஒரு நொடிக்கும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் குழுக்கள்தான் அதிகம். ஆனால் மர்மப் படத்தில் பாதி வேலையைக் காதுதான் செய்கிறது. நூல் அறும் சத்தம், மின்தூக்கிக் கதவு மூடும் சத்தம், செருப்போசை ஆகியவற்றைத் தனித்தனியாக அருகிலிருந்து பதிவு செய்ய வேண்டும். யாரும் பேசாத வெறும் அறையின் ஒலியையும் அரை நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டால், துண்டுகளை ஒட்டும் இடங்களில் ஒலி அறுபடாது. பிடித்த திரைப்படத்தின் பின்னணி இசையை எடுத்துப் போடுவது வேண்டாம். அது வேறொருவரின் சொத்து. உரிமச் சிக்கல் இல்லாத இசை கிடைக்காவிட்டால், மௌனமே நன்றாக வேலை செய்யும்.

தெருவில் நிற்பவருக்குக் கதை தெரியாது

இதுவரை சொன்னது, பார்ப்பவரிடமிருந்து விவரங்களை மறைத்து வைக்கும் கலை. படப்பிடிப்பு நடக்கும் தெருவில் அந்தக் கலை உதவாது. அங்கே எதையும் மறைக்கக் கூடாது.

2017 ஏப்ரல் 18ஆம் தேதி உட்லீ ரயில் நிலையத்தில் சந்தேகத்துக்கிடமான தூள் காணப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து நான்காவது நிலையம் அது. நிலையம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மூடப்பட்டது. கடைசியில் அது சமையல் மாவு என்று தெரிந்தது. ஓட்டப் பயிற்சிக்காக ஒருவர் வழியை அடையாளமிடத் தூவிய மாவு. தூவியவருக்கு அது விளையாட்டு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

மர்மப் படம் எடுக்கும் மாணவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. ரயில் நிலையத்தில் தனியே கிடக்கும் பை, பொம்மைத் துப்பாக்கி, சிவப்புச் சாயம் பூசிய சட்டை எல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு நாடகம். அந்தப் பக்கமாக வரும் பாட்டிக்கு அது உண்மை. அவர் 999ஐ அழைத்தால் அது அவர் குற்றமில்லை. பள்ளியின் கடிதம், இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி, அடுக்குமாடியின் பொது இடமென்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை, இவையெல்லாம் கதையைப் போலவே முக்கியம். ஆயுதம் போலத் தெரியும் எதையும் பொது இடத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே உத்தமம். மேலே சொன்ன பூக்காரப் பெண்ணின் கதைக்கு ஒரு நண்பரின் வீடு போதுமே!

இன்னொன்றும் உண்டு. தேக்கா என்றவுடன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாணவர்களின் நினைவுக்கு வரும். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் கட்டணமில்லாமல் ஆயிரம் பேர் கிடைப்பார்கள் என்று தோன்றும். ஆறு நாள் உழைத்துவிட்டு நண்பரைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் அவர்கள். யாருடைய படத்துக்கும் அவர்கள் துணை நடிகர்கள் அல்லர்.

ஓர் ஊழியர் விளக்குக் கம்பத்தருகே யாருக்காகவோ காத்து நிற்கிறார். கேட்காமல் படம் பிடித்து, அடியில் அச்சமூட்டும் இசையைச் சேர்த்தால், அவர் ஒரு நொடியில் குற்றவாளி ஆகிவிடுகிறார். அந்தக் காணொளி கைக்குக் கை மாறி அவருடைய ஊரில் இருக்கும் தாயாரிடம் போய்ச் சேர்ந்தால்? 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அந்த இரவுக்குப் பிறகு, அங்கு கூடும் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்களும் உண்டு. மாணவர்களின் கேமரா அந்தப் பார்வைக்கு இன்னொரு கண் ஆகிவிடக் கூடாது. முகம் தெரிய எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எந்த வேடத்தில் காட்டப்போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபது சுருள்களின் கதை

குழுவுக்குள்ளும் மறைவு கூடாது. இதற்குச் சிங்கப்பூரிலேயே உண்மைக் கதை இருக்கிறது.

1992ல் சாண்டி டான், ஜாஸ்மின் இங், சோஃபியா சித்திக் என்ற மூன்று இளம்பெண்கள் 'ஷர்கர்ஸ்' என்ற படத்தை எடுக்க இறங்கினார்கள். கொலை செய்யும் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் கதை. எழுதியவரும் அந்த வேடத்தில் நடித்தவரும் சாண்டி டான். இயக்கியவர் அவர்களுடைய திரைப்பட ஆசிரியர் ஜார்ஜ் கார்டோனா. படப்பிடிப்பு முடிந்தது. பெண்கள் படிப்புக்காக வெளிநாடு போனார்கள். படச்சுருள்கள் முழுவதும் ஆசிரியரிடம் இருந்தன. அவர் அவற்றோடு மறைந்துபோனார்.

2007ல் அவர் இறந்தார். 2011ல்தான் சுருள்கள் சாண்டி டானுக்குத் தெரியவந்தன. எழுபது சுருள்கள், பழுதில்லாமல். ஒலிநாடாக்கள் மட்டும் கிடைக்கவில்லை. படத்தை நினைத்தபடி முடிக்க வழியில்லாமல் போயிற்று. நடந்ததையே அவர் ஆவணப்படமாக எடுத்தார். 2018 சண்டான்ஸ் விழாவில் அதற்கு இயக்குநர் விருது கிடைத்தது. இடையில் போனது கால் நூற்றாண்டு.

இன்றைய மாணவர்களுக்குச் சுருள் இல்லை, கோப்புகள்தான். ஆபத்து அதேதான். எல்லாம் ஒருவரின் மடிக்கணினியில் இருக்கும். அவருக்கும் குழுவுக்கும் மனத்தாங்கல் வரும், அல்லது கணினி பழுதாகும். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு கண்ணீரில் முடியும். படப்பிடிப்பு முடிந்த அன்றே மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றையாவது வேறு வீட்டில் வைக்க வேண்டும். யார் இயக்கம், யார் ஒளிப்பதிவு, யார் ஒலி, யார் தொகுப்பு, யார் பெயர் எங்கே வரும், படம் யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திட வேண்டும். நண்பர்களுக்குள் எதற்குக் கையெழுத்து என்று சிலர் கேட்பார்கள். நட்பு முறியாமல் இருக்கத்தான்.

கார்த்திக் நரேன் 'துருவங்கள் பதினாறு' படத்தை 2016ல் வெளியிட்டபோது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். கே. ராஜகோபால் 1990களில் சிங்கப்பூரில் குறும்படங்கள் எடுத்துக் கற்று, 2016ல் 'எ யெல்லோ பர்ட்' படத்தோடு கான் திரைப்பட விழா வரை போனார். இன்று இரண்டு நிமிடக் காட்சிக்காக அடுக்குமாடி நடைபாதையில் நிற்கும் மாணவர்களிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

மின்தூக்கியில் ஏறப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்து நின்று, "என்ன தம்பி செய்யிறீங்க?" என்று கேட்பார். கேமராவை இறக்கிவிட்டுக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிடலாம். படம் பார்ப்பவருக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்தால் போதும்.