குப்பையைப் பிரிப்போம், ஆற்றைக் காப்போம்

கோத்தா திங்கிப் பட்டணத்தின் ஊடே ஓடும் ஜொகூர் ஆறு, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் ஓடைகளை ஏற்றுக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. இவ்வாற்று நீரே சுத்திகரிக்கப்பெற்று ஜொகூர் மக்கள் பலரின் இல்லங்களுக்குக் குழாய்வழி வருகிறது. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூரும் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை இதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். ஆகவே, வீட்டின் பின்புறக் கால்வாயில் நாம் வீசும் பொருள் நம் கண்ணை விட்டு மறைகிறதேயன்றி, நம்மை விட்டு நீங்குவதில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஆற்று நீரில் அம்மோனியாவின் அளவு மிகுந்ததால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பல குடும்பங்கள் தண்ணீரின்றித் தவித்தன. தொழிற்சாலைக் கழிவு, கால்நடைக் கழிவு, அழுகும் குப்பை ஆகிய யாவும் அம்மோனியாவைத் தோற்றுவிக்கக் கூடியவை. தொழிற்சாலையைத் திருத்துவது அரசாங்கத்தின் பொறுப்பு. வீட்டுக் குப்பையைத் திருத்துவதோ நம் கையில் உள்ளது.

அதற்கு முதற்படி, குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிப்பதாகும். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் ஜொகூரில் 2011 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கீழ், 2015 செப்டம்பர் 1ஆம் நாள் முதல் வீடுகளில் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்து இல்லத்தரசிகள் இதனைக் கடினமென எண்ண வேண்டியதில்லை. ஒரு வாளியும் ஒரு சாக்கும் போதும்.

சாக்கில் சேர்க்க வேண்டியவை

காகிதம், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் புட்டி, கண்ணாடி, பால் டின் ஆகியவற்றைக் கழுவி, உலர்த்திச் சேர்த்து வையுங்கள். பழைய சாமான் வாங்குவோர் இவற்றுள் பலவற்றுக்கு விலை கொடுப்பர். சாக்கை மழைபடாத இடத்தில் வைப்பது அவசியம். டின்னில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சல் நம் வாசலிலேயே பிறக்கலாம்.

வாளியில் சேர்க்க வேண்டியவை

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவை மண்ணுக்கு உணவு. வீட்டின் பின்புறம், கால்வாய்க்கு எட்ட, இரண்டடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். ஒரு பங்கு சமையற்கழிவுக்கு இரு பங்கு சருகு இட்டு, மேலே மண் தூவுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்துவிட்டதென்று பொருள்; சருகைக் கூட்டுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் ஆகியவற்றை இடலாகாது. அவை எலியை அழைக்கும். ஆண்டிறுதிப் பருவமழையில் குழியைத் தகரத்தால் மூடிவையுங்கள். இரண்டு, மூன்று மாதங்களில் கருமையான எரு கிடைக்கும். கீரைக்கும் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்ல உரம்.

எச்சரிக்கை

பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் புட்டியில் சேர்த்தால், அதனை வாங்குவோரும் உளர். குப்பையை எரிப்பதும் தவறு. பிளாஸ்டிக் புகை குழந்தைகளின் நெஞ்சைப் பாதிக்கும். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமுமாகும்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று: புல் மருந்தும் பூச்சி மருந்தும் வந்த கலன்களை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எத்தனை முறை கழுவினும் அவை தண்ணீர் பிடிக்கவோ அரிசி வைக்கவோ தகா. மருந்து அடிக்கும் இடத்திலேயே மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் துளையிட்டுத் தோட்டக் கிடங்கில் ஒப்படையுங்கள். அக்கலனில் பிடித்த நீரைப் பருகும் குழந்தைக்கு அதன் பெயர்ச்சீட்டைப் படிக்கத் தெரியாது.

மேட்டிலுள்ள வீட்டின் கழிவு பள்ளத்திலுள்ள வீட்டின் வாசலைத் தொட்டே ஆற்றைச் சேர்கிறது. ஒரு வீடு தொடங்கினால் அடுத்த வீடு பின்பற்றும். இன்றே ஒரு வாளியும் ஒரு சாக்கும் வைப்போமாக!