வெயில் வீட்டில், வண்டி ஊரில்

மெக்கானிக் தம்பி என் மின்ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு பேட்டரியாக வைத்துப் பார்த்தார். 12.7. 12.6. 12.7. நாலாவதில் 10.5.

"ஒரு செல் போயிருச்சுண்ணே."

ஒரு 12 வோல்ட் ஆசிட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறில் ஒன்று செத்தால் மீட்டரில் அந்த 2.1 அப்படியே குறைகிறது. கணக்கு அவ்வளவு சுத்தம்.

"அந்த ஒண்ணை மட்டும் மாத்திடலாமே தம்பி?"

"மாத்தலாம். மூணு பழசோட சேந்து ஓடி, அதுவும் சீக்கிரம் பழசாயிரும்."

வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மூணு வருஷம் தாராளமாக ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

மானகிரியிலிருந்து காரைக்குடிக்குள் போய்வர எனக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். என்னுடையது மெதுவண்டி. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது, பதிவும் லைசென்ஸும் வேண்டாம். கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி குடிக்கிறது. நாளைக்கு 400 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. மொட்டை மாடியில் ஒரு 300 வாட் சோலார் பேனல், இழப்பெல்லாம் போக, நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் தந்துவிடும். வண்டிக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு.

அளவு சரி, நேரம்தான் ஒத்துவரவில்லை. காலையில் கிழக்கே காரைக்குடிக்குப் போகிறேன், சூரியன் முகத்துக்கு நேரே. மாலையில் மேற்கே திரும்புகிறேன், மறுபடியும் முகத்துக்கு நேரே. இடைப்பட்ட நேரத்தில் வெயில் என் மாடியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, வண்டி ஊருக்குள் வேப்பமர நிழலில் நிற்கிறது. சோலாரில் வண்டி ஓட்ட நினைப்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வண்டி எத்தனை மணிக்கு வீட்டில் நிற்கும் என்பதல்லவா முதல் கேள்வி?

வழிகள் சில உண்டு. பகலில் சேமித்து இரவில் வண்டிக்கு ஏற்ற இன்வெர்ட்டர் பேட்டரி வைக்கலாம். ஆனால் அந்த பேட்டரியில் கொஞ்சம், இன்வெர்ட்டரில் கொஞ்சம், சார்ஜரில் கொஞ்சம் என்று மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும். இரண்டாவது, மின்வாரிய லைனோடு இணைந்த சோலார். பகலில் ஊருக்குக் கொடுத்து இரவில் திரும்ப வாங்கிக்கொள்வது. சேமிப்புச் செலவே இல்லை. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிரதமரின் 'சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தபின் பலரும் இதற்குத்தான் போகிறார்கள். ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: கரண்டு போனால் அந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு உங்கள் வீட்டிலிருந்து ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அணைந்துகொள்கிறது. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில், சுள்ளென்ற வெயிலிலும் பேனல் சும்மா கிடக்கும்.

மூன்றாவது வழியை வண்டியே தருகிறது: கழற்றி எடுக்கிற பேட்டரி. கையில் தூக்கிப்போய் வேலை செய்யும் இடத்தில் பகலில் சார்ஜ் போடலாம். இல்லையென்றால் இரண்டு வைத்துக்கொண்டு ஒன்றை வீட்டுப் பேனலில் விட்டுவிட்டுப் போகலாம். ஆசிட் பேட்டரியில் இது நடக்காது. என் வண்டியின் நாலும் சேர்ந்து முப்பது கிலோ, ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம். அதே வேலைக்கு லித்தியம் பத்து கிலோவில் முடிந்துவிடும்.

ஆசிட் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? முதல் காரணம், மேலே ஒட்டியிருக்கும் எண். 24 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரம் சொட்டுச் சொட்டாக எடுத்தால் கிடைக்கும் அளவாக இருக்கலாம். பக்கத்தில் 'சி20' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றே மணி நேரத்தில் உறிஞ்சினால் முக்கால் பங்குதான் வரும். அந்த முக்காலையும் தினமும் துடைத்து எடுத்தால் சில நூறு சார்ஜிலேயே ஆயுள் முடிந்துவிடும். இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. சித்திரை மதியத்தில் நிழலே 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது.

அப்படியானால் லித்தியம். லித்தியத்தில் எது? பெரிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. எடைக்கு நிறைய மின்சாரம் தாங்கும். ஆனால் மிகவும் சூடானால் அதன் நேர்முனை தன்னுள் இருக்கும் ஆக்ஸிஜனையே வெளியே விடும். தீக்கு விறகும் காற்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுபோல. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டின் தொடர் விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி விதி கடுமையாக்கப்பட்டது. மெதுவண்டியோ சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. இங்கே பாதுகாப்பான பேட்டரியை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

நான் கேட்டு வாங்கியது எல்.எஃப்.பி., லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் கதையில் ஒரு மதுரைத் தொடர்பு உண்டு. மதுரையில் வேதியியல் படித்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆய்வுப்பட்டம் பெற்று, காமராசர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பாடம் நடத்தியவர் ஆறுமுகம் மந்திரம். 1985இல் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபிடம் போய்ச் சேர்ந்தார். சாதாரண இரும்பு ஆக்ஸைடில் 2.5 வோல்ட்கூடத் தேறாது. இரும்பை சல்பேட்டோடு கட்டிவைத்தால் 3.6 வோல்ட் வரை ஏறுகிறது என்று இருவரும் காட்டினார்கள். கந்தகம் ஆக்ஸிஜனைத் தன் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், இரும்பின்மேல் ஆக்ஸிஜனின் பிடி தளர்கிறது, அதுதான் சூட்சுமம். கந்தகத்தின் இடத்தில் பாஸ்பரஸை வைத்து 1997இல் பாதி, நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்களோடு குட்எனஃப் வெளியிட்டதுதான் எல்.எஃப்.பி. வோல்டேஜை ஏற்றிய அதே இறுக்கமான பிணைப்பு, சூட்டில் ஆக்ஸிஜனை எளிதில் வெளியே விடாமலும் காக்கிறது. எல்.எஃப்.பி. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். ஆனால் தாங்கும் சூடு அதிகம், ஆயுளும் இரண்டாயிரம் சார்ஜுக்கு மேல். 2019இல் நோபல் பரிசு வந்தபோது, 97 வயது குட்எனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம்தான்.

நம் பக்கத்திலேயே செக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உள்நாட்டிலேயே லித்தியம்-அயனி செல் செய்யும் முறையை இங்குள்ளவர்கள் உருவாக்கி, 2018இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனாலும் மெக்கானிக் தம்பி பிரித்த அட்டைப்பெட்டியில் எழுத்தெல்லாம் சீன மொழிதான்.

புது பேட்டரியில் 16 செல்கள் வரிசையாக, நிறைந்தால் 58.4 வோல்ட். பழைய சார்ஜரை மாட்டலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். ஆசிட் சார்ஜர் நிறைந்த பிறகும் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே இருக்கும், லித்தியத்துக்கு அது ஆகாது. இன்னொன்றை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்.எஃப்.பி.யின் வோல்டேஜ் கடைசிவரை 3.3 பக்கத்திலேயே நின்று திடீரென்று சரியும். வோல்டேஜைப் பார்த்துக் கட்டம் காட்டும் என் பழைய மீட்டர், ஒரு வாரம் சார்ஜ் போடாமல் ஓட்டலாம் போல நம்பிக்கை காட்டிவிட்டு, மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கைவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன், சூரியன் முகத்துக்கு நேரே. இப்போது கிலோமீட்டரைப் பார்த்துத்தான் சார்ஜ் போடுகிறேன். அதுவும் தகர ஷெட்டில் இல்லை. சுவர் தடித்த முகப்புத் திண்ணையில், கண்ணில் படும்படி.

பழைய நாலு பேட்டரியையும் தம்பி தராசில் வைத்து, எடைக்கு எடை ஈய விலை போட்டுப் புதியதில் கழித்துக்கொண்டார். இந்த லித்தியத்தைக் கடைசியில் எந்தத் தராசில் வைப்பது என்று கேட்டேன். தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2022இல் விதி வந்திருக்கிறது. தம்பி அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட்ரஸ் ஒண்ணும் போடலையேண்ணே."