நீர்ப்பாசன இலாகாவின் குமாஸ்தா
(உத்தியோகமும் கவிதையும் – 6)

எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா நகரில், ஆங்கிலேய அதிகாரிகளின் ஆதிக்கத்தில் நடந்துவந்த நீர்ப்பாசன இலாகாவின் மூன்றாவது வட்டக் காரியாலயத்தில், 1892ஆம் ஆண்டு தொடங்கி 1922 வரை முப்பது ஆண்டுக் காலம், வந்த தபாலுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதும், பிறர் எழுதிய நகல்களில் பிழை திருத்துவதும், மொழிபெயர்ப்பதுமாக ஒரு கிரேக்கர் உத்தியோகம் பார்த்துவந்தார். நம் சங்கப் புலவர்கள் யவனர் என்று அழைத்த இனத்தவர் அவர். கிரீஸ் தேசத்துப் பிரஜையாக இருந்தபடியால் அந்த இலாகாவில் நிரந்தர ஊழியராகும் பாத்தியதை அவருக்குக் கிடையாது. தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், அந்தத் தற்காலிக ஏற்பாட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பது வருஷத்தையும் கழித்தார். கான்ஸ்டன்டைன் கவாஃபி என்ற அவரை இன்று உலகம் நவீன கிரேக்க மொழியின் தலைசிறந்த கவிகளுள் ஒருவராகக் கொண்டாடுகிறது. ஆனால் அவர் ஜீவித்திருந்த காலம் முழுவதும் அவருடைய கவிதை நூல் ஒன்றுகூடக் கடையில் விலைக்குக் கிடைத்ததில்லை.

அவர் பிறந்தது 1863 ஏப்ரல் 29ஆம் தேதி, அதே அலெக்ஸாண்டிரியாவில். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்து குடியேறிச் செழித்த வியாபாரி. அவர் 1870இல் கண்மூடியபோது குடும்பத்தின் செல்வமும் அவரோடு போயிற்று. தாயார் ஹரிக்ளியா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், லிவர்பூலிலும் லண்டனிலும் சில ஆண்டுகள் வசித்துவிட்டு அலெக்ஸாண்டிரியாவுக்கே திரும்பினார். பிற்காலத்தில் குமாஸ்தா வேலையைச் சம்பாதித்துக் கொடுத்த ஆங்கில ஞானம் அந்த நாட்களில் வாய்த்ததுதான். தாய்மொழியையே அவர் சற்று ஆங்கில வாடையோடு பேசுவார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1882இல் ஆங்கிலேயக் கடற்படை அலெக்ஸாண்டிரியாவைக் குண்டு வீசித் தகர்த்தபோது குடும்பம் மறுபடியும் இடம் பெயர்ந்து, கான்ஸ்டான்டினோபிளில் மூன்று வருஷம் தங்கித் திரும்பிற்று. அதற்குப் பிறகு கவாஃபி தம் நகரத்தை விட்டு நெடுங்காலம் பிரிந்திருந்ததே இல்லை.

காரியாலயத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதை அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து சொன்னது பதிவாகியிருக்கிறது. காற்புள்ளி இடம் மாறி விழுந்திருந்தால் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துத் திரும்ப எழுதச் சொல்லும் அவ்வளவு கண்டிப்புக்காரர் அவர். அதே மனிதர், மேலதிகாரி வந்தால் வேலை மும்முரமாக நடப்பதுபோலத் தோன்றும்படி மேஜை முழுவதும் காகிதக் கட்டுகளைப் பரப்பி வைத்திருப்பாராம். சில வேளைகளில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வார். சக ஊழியர்கள் சாவித் துவாரத்தின் வழியாகப் பார்த்தால், நாடக மேடையில் நிற்கும் நடிகரைப்போல இரு கைகளையும் உயர்த்தி, முகத்தில் ஏதோ அபூர்வமான ஆனந்தம் தோன்ற நின்று, பிறகு சட்டென்று குனிந்து எழுதுவது தெரியும். நைல் நதியின் வாய்க்கால்களைப் பற்றிய கடிதங்களுக்கு நடுவே, அர்ச்சனைக்குரிய அந்தக் க்ஷணம் அவருக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த வாழ்க்கைக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். 1905ஆம் ஆண்டில், வறுமையில் வாடிய இளங்கவிஞர் ஒருவர் தம்மைப் பார்க்க வந்து போனபின் அவர் எழுதிவைத்த குறிப்பொன்று உண்டு. தம் வீட்டு வசதியையும் நல்ல உடையையும் பார்த்து அந்த இளைஞன் ஏங்கியதை உணர்ந்த கவாஃபி, இந்தச் சின்னஞ்சிறு சுகங்களுக்காகத் தாம் எத்தனையோ மணி நேரத்தை உத்தியோகத்துக்குப் பறிகொடுத்திருப்பதையும், வேலைக்கு நடுவே உதித்த அரிய கற்பனை ஒன்றைக் காரியாலய அவசரத்தால் கைவிட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து தேடினால் அது போன இடம் தெரியாமல் போய்விடுவதையும் எண்ணி வருந்துகிறார். உத்தியோகக் கவிகளின் வேதனையை இதைவிட நேர்மையாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை. எனினும், அந்தச் சம்பளம் இல்லாதிருந்தால் அவர் சந்தைக்காக எழுத நேர்ந்திருக்கும் என்பதிலும், அப்படி நேர்ந்திருந்தால் நாம் இன்று போற்றும் கவாஃபி இருந்திருக்க மாட்டார் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அவர் தம் கவிதைகளைப் பிரசுரித்த முறையே தனி. 1904இல் பதினான்கு கவிதைகளையும் 1910இல் இருபத்தொன்றையும் சிறு பிரசுரங்களாகத் தம் செலவில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். பின்னர் அதையும் விட்டுவிட்டார். கவிதை ஒன்று நிறைவு பெற்றது என்று மனம் ஒப்பியதும் அதைத் தனித் தாளில் அச்சிடுவார்; அச்சான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளிப் போட்டு உறையில் சேர்த்து, விருப்பமுள்ள வாசகருக்கு இனாமாக அனுப்புவார். எந்தத் தொகுப்பு யாரிடம் போயிருக்கிறது என்பதற்கு ஜாபிதா வைத்திருந்தார். அச்சேறிய பிறகும் ஒரு சொல் உறுத்தினால் பேனாவை எடுத்துத் தம் கையாலேயே திருத்துவார். அல்லது பழைய தாளை நீக்கிவிட்டுப் புதிதாக அச்சிட்ட தாளைச் சேர்ப்பார். முதல் உலக யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கப் பணிக்காக அலெக்ஸாண்டிரியாவுக்கு வந்த ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் அவருடன் நட்புக் கொண்டு, அவரைப் பற்றி எழுதி, லண்டனில் லெனார்ட் வுல்ஃபின் ஹோகார்த் அச்சகம் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை வெளியிட வேண்டும் என்று பெருமுயற்சி செய்தார். 1924இல் டி.எஸ். எலியட் தம் பத்திரிகையில் கவாஃபியின் ‘இதாகா’ என்ற கவிதையின் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். வேறொருவராயிருந்தால் இந்த வாய்ப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். கவாஃபியோ நாளைக் கடத்திக்கொண்டே போனார், புத்தகம் வரவே இல்லை.

அவருக்கு உள்ளக் கிளர்ச்சி தந்தவை பெரும்பாலும் பழைய சரித்திர நூல்களே. தமக்கு நாவலோ நாடகமோ எழுத வராது, சரித்திரம் எழுத வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ரோம சாம்ராஜ்யத்தின் சரித்திரம் எழுதிய கிப்பனைப் பக்க ஓரங்களில் குறிப்பெழுதி, பல இடங்களில் மறுத்து வாதாடிக்கொண்டே படித்தவர் அவர். ஆயினும் அலெக்ஸாண்டர், சீஸர் போன்ற வெற்றி வீரர்களைவிட, அவர்களுக்குப் பின்னால் வந்து ராஜ்யத்தை இழந்த சிற்றரசர்களும், அயல் நாட்டில் கிரேக்கம் பேசித் திரிந்த வாலிபர்களும், வரலாற்றின் அடிக்குறிப்பில் மட்டும் பெயர் தங்கியவர்களுமே அவர் அன்புக்குப் பாத்திரமானார்கள். பழைய கிரேக்க ஆசிரியர் ப்ளூடார்க் எழுதிய, ரோமாபுரித் தளபதி ஆண்டனியின் சரித்திரத்தில் ஓர் இடம் வருகிறது: அலெக்ஸாண்டிரியா நகரம் எதிரியின் கையில் விழப்போகும் அந்த நள்ளிரவில், கண்ணுக்குத் தெரியாத கூட்டமொன்று வாத்தியங்களோடும் ஆரவாரத்தோடும் ஊரைக் கடந்து வெளியேறுவதுபோல ஓசை கேட்டதாகவும், ஆண்டனி வழிபட்ட தெய்வமே அவரைக் கைவிட்டுப் போயிற்று என்று ஜனங்கள் அதற்குப் பொருள் கொண்டதாகவும் ப்ளூடார்க் சொல்லுகிறார். இதைக் கருவாகக் கொண்டு எழுதிய கவிதையில் கவாஃபி இந்தச் சம்பவத்தை வர்ணிக்கவில்லை. ஆண்டனியின் பக்கத்திலே போய் நின்று, அவரிடம் நேராகப் பேசுகிறார். இழப்பைக் கனவென்று சொல்லி ஏமாற்றிக்கொள்ளாமல், இத்தகைய நகரத்துக்கு அருகதை பெற்றிருந்த ஒருவருக்குத் தகுந்த முறையில் அந்த இசையைக் கேட்டு விடைகொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறார். முதல் தடவை படித்தபோது, தோற்றவனுக்கு இவ்வளவு கௌரவம் செய்த கவிதை வேறு உண்டா என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே தோன்றுகிறது.

தாயார் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1907 முதல் சாகும்வரை, லெப்ஸியஸ் தெருவில் பத்தாம் எண் வீட்டு மாடியில் அவர் வசித்தார். கீழ்த்தளத்தில் விலைமகளிர் விடுதி. பக்கத்தில் கிரேக்கர்களின் தேவாலயம். சற்றுத் தள்ளி ஆஸ்பத்திரி. உடலுக்கும் ஆன்மாவுக்கும் மரணத்துக்கும் வேண்டியவையெல்லாம் அருகிலேயே இருக்கும்போது இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று நண்பர்களிடம் கேட்பாராம். மின்சார வெளிச்சம் அவருக்குப் பிடிக்காது. மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்குமே வைத்திருப்பார். பேச்சுக்கு நடுவே எழுந்து, ஒரு திரியை ஏற்றி, இன்னொன்றை அணைத்து, வந்திருப்பவரின் முகத்தில் வெளிச்சமும் தம் முகத்தில் நிழலும் விழும்படி அமைத்துக்கொண்டு உட்காருவார்.

அவர் கவிதைகளில் பாதியளவு காதலைப் பற்றியவை; ஆடவர் ஆடவரிடம் கொண்ட காதலைப் பற்றியவை. அக்காலச் சமூகம் அதைப் பழித்ததென்பதையும், அவர் தொடக்கத்தில் பெரிதும் மறைத்தே பேசினார் என்பதையும், வயது ஏற ஏறத் துணிவு பெற்று ஒளிவுமறைவின்றி எழுதினார் என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். தெரிந்தெடுத்த கைகளுக்கு மட்டும் தாள்களைக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். மொழி நடையிலும் அவர் யாருக்கும் அடங்கவில்லை. பண்டிதர்களின் தூய கிரேக்கம் வேண்டுமா, ஜனங்களின் பேச்சுக் கிரேக்கம் வேண்டுமா என்று ஆதென்ஸில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் இரண்டையும் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்குக் கலந்து எழுதினார். அவ்விஷயத்தில் நம் நாட்டு எழுத்தாளருக்கு அவர் நல்ல துணை என்பது என் கருத்து.

1932இல் தொண்டையில் புற்றுநோய் கண்டு, ஆதென்ஸில் சிகிச்சை நடந்து, குரல் போய்விட்டது; பேச்சிலே வல்லவராயிருந்தவர் கடைசி மாதங்களில் துண்டுக் காகிதத்தில் எழுதியே பேச நேர்ந்தது. 1933 ஏப்ரல் 29ஆம் தேதி, தம் எழுபதாவது பிறந்த நாளன்று, அலெக்ஸாண்டிரியாவில் தம் வீட்டருகே இருந்த அந்த ஆஸ்பத்திரியிலேயே உயிர் நீத்தார். அவர் ஒப்புக்கொண்ட 154 கவிதைகளும் ஒரே நூலாக 1935இல் அலெக்ஸாண்டிரியாவில் வெளிவந்தன. திருத்தி முடியவில்லை என்று அவர் உறைகளில் போட்டு வைத்திருந்த முப்பது கவிதைகள், அவர் இறந்து அறுபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1994இல்தான் அச்சேறின.

(தொடரும்)