தலைநகரில் வானரப் படை

டெல்லியில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த வடக்கு, தெற்கு தலைமைச் செயலகக் கட்டடங்களில் அமைச்சர்கள், அதிகாரிகளோடு செம்முகக் குரங்குகளும் குடியிருந்தன. கோப்புகளைக் கிழிப்பது, உணவைப் பறிப்பது, ஆட்களைக் கடிப்பது என அவற்றின் சேட்டை ஓயவில்லை. பக்தர்கள் அனுமனாகக் கருதி வாழைப்பழம் கொடுப்பதால் கூட்டம் கலைவதுமில்லை. கொல்லவும் மனம் வராது.

உருவில் பெரிய கருமுக மந்தியைக் கண்டால் இவை ஒதுங்கும். அதனால் மந்திகளைக் கயிற்றில் கட்டிக் காவலுக்கு நிறுத்தினார்கள். மந்தியோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைப் பழக்கி வேலை வாங்குவது குற்றம். 2012இல் மத்திய அரசு இதைச் சுட்டிக்காட்டவே, அந்த வழக்கம் நின்றது.

அடுத்து, மந்தி போலக் குரல் எழுப்பத் தெரிந்தவர்கள் வேலைக்கு வந்தார்கள். 2014இல் இத்தகைய 40 இளைஞர்கள் பணியில் இருப்பதாக மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. 2023 ஜி20 மாநாட்டின்போது மந்தி உருவப் பலகைகளும் நின்றன.

தீனி போடுவது நிற்காதவரை எந்தக் காவலும் தற்காலிகமே.