சமையலறைக்குப் பின்னால் நாலடி

சென்னை அடுக்ககங்களில் துணி துவைக்கத் தனி அறை கேட்டால் சிரிப்பார்கள். சமையலறையைத் தாண்டினால் நாலடிக்கு ஆறடியில் ஓர் இடுக்கு. பில்டர் வைத்த பெயர் 'யுட்டிலிட்டி'. எங்கள் வீட்டில் அங்கே வாஷிங் மெஷினோடு விளக்குமாறு, பழைய பேப்பர் கட்டு, பாட்டி காலத்துத் தவலை எல்லாம் குடியிருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்குபடுத்திவிடலாம் என்று இறங்கினேன். நான்கு ஆயின.

பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்று, மெஷினின் கழிவுநீர்க் குழாயைத் தரையோடு படுக்கவைத்து ஜாலிக்குள் செருகினேன். அன்று மெஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தது. டிரம் நிரம்பவே இல்லை. மெஷின் பழசு, எச்சரிக்கும் புத்தி அதற்குக் கிடையாது. "தொட்டியில தண்ணியே இல்லையே, உங்க வீட்லதான் ஏதோ சத்தம் கேக்குது" என்று கீழ்வீட்டு மாமி படியேறி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வண்டி டேங்கில் டியூப் போட்டு பெட்ரோல் உறிஞ்சும் அதே வித்தைதான். குழாயின் முனை டிரம்மின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வெளியேறிவிடும். பெரும்பாலான ஃபிரண்ட் லோடு மெஷின்களுக்குக் குழாயைத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, வளைத்து இறக்க வேண்டும். சரியான அளவு மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். சுவரோரம் ஒரு பிவிசி குழாயை நிமிர்த்தி கிளாம்பு அடித்தேன். அதற்குள் மெஷின் குழாயைத் தளர்வாகத்தான் விடவேண்டும். காற்றுப் போக இடமில்லாமல் அடைத்தால் பழைய கதைதான்.

அடுத்தது ஆட்டம். யுட்டிலிட்டித் தரை ஜாலியை நோக்கிச் சரிந்திருக்கும். தண்ணீருக்கு அது நல்லது, மெஷினுக்கு ஆகாது. பிழியும்போது அது சுவரை விட்டு நகர்ந்து வந்தது. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, நாலு கால்களையும் திருகி மட்டம் பார்த்து, லாக் நட்டை இறுக்கினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது.

மின்சாரத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. வெந்நீரில் துவைக்கும் மெஷின் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். ஈரத்தரையில் நின்றுகொண்டு தைரியம் காட்டக்கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தோடு 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்தி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுக் கொடுத்தார்.

எங்களுடையது போர் தண்ணீர். மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு குட்டி வலை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கழற்றினால் வெள்ளையாக உப்பு. சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்ததும் தண்ணீர் வேகம் பிடித்தது.

சாமான்களை அடுக்க அலமாரி? கடைசி ஞாயிறு மாலை ஒரு மணிநேர வேலை. கூரையில் கப்பி வைத்த கயிற்றுக் கொடியும் மாட்டியாயிற்று. அம்மா அதை மழைநாளில் மட்டும் இறக்குகிறார். மற்ற நாளெல்லாம் வாளியோடு மொட்டைமாடிதான். நிழலில் காய்ந்த துணியில் வாடை அடிக்கிறதாம். தவலையை எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.