படகை இறக்கும் முன் அடியைப் பாருங்கள்

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. கிராஞ்சியில் ஜோகூர் நீரிணையை ஒட்டிய ஒரு படகுத்தளத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் படிக்கும் மாணவி ஒருவரின் குடும்பம், பராமரிப்புக்காகக் கரையேற்றிய தங்கள் சிறிய பாய்மரப் படகை மறுபடியும் தண்ணீரில் இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அப்பா, பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அம்மா, பாயின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். மாணவிக்குக் கிடைத்ததோ அழுக்கு வேலை. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, படகின் அடிப்பகுதியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிக்குள்ள இருக்கிற பகுதிதானே சார், யாரு பார்க்கப் போறாங்க?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதிலுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் தேவைப்படும்.

ஒட்டிக்கொள்ளும் உயிர்கள்

எவ்வளவு சுத்தமான பரப்பாக இருந்தாலும், கடலில் இறங்கிய சில மணி நேரத்தில் அதன்மீது பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவை உண்டாக்கும் வழவழப்பான படலத்தின்மேல் பாசி வளரும். அடுத்து வருவது, தமிழில் கொட்டலசு எனப்படும் ‘பார்னக்கிள்’. அதன் இளம் உயிரி இரண்டு உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கும். இடம் பிடித்துவிட்டால், புரதத்தால் ஆன ஒரு பசையைச் சுரந்து தலைப்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசை அது. பிறகு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் கட்டிக்கொண்டு, ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்துவிடும்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இந்த வளர்ச்சி மந்தமாகிவிடும். சிங்கப்பூரில் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதால், இங்கே அந்த ஓய்வு கிடையாது.

ஒட்டினால் என்ன நட்டம்?

வழவழப்பான அடிப்பகுதியை ஒட்டித் தண்ணீர் எளிதாக நழுவிச் செல்லும். சொரசொரப்பான அடிப்பகுதி தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த உராய்வே படகைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு போர்க்கப்பலை மாதிரியாக வைத்துச் செய்த கணக்கு 2007ல் வெளியானது. அடிப்பகுதி முழுவதும் கொட்டலசு அடர்ந்துவிட்டால், அதே வேகத்தில் செல்ல 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படும் என்று அது காட்டியது.

கப்பலில் இயந்திரத்தை முடுக்கிவிடலாம். பாய்மரப் படகில் காற்று தருவதுதான் கணக்கு. மேலும், படகைத் திருப்பும் சுக்கானும், அது பக்கவாட்டில் நழுவாமல் காக்கும் அடித்தகடும் விமானத்தின் இறக்கையைப்போல் வேலை செய்பவை. அவற்றின் பரப்பு கரடுமுரடானால் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. நீரோட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போது, அது பாதுகாப்புப் பிரச்சினை.

செம்பு சொல்லும் பாடம்

1761ல் பிரிட்டிஷ் கடற்படை, ‘அலார்ம்’ என்ற கப்பலின் மர அடிப்பகுதி முழுவதும் செம்புத் தகடு அடித்துச் சோதித்தது. செம்பு கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரையும். அந்தச் செம்பு அயனிகள் ஒட்டவரும் உயிர்களுக்கு நஞ்சு. அதனால் அடிப்பகுதி சுத்தமாகவே இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலமாகிவிடும். அதில் இரும்புதான் கரையும்.

1824ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாகப் பயன்படுத்தினார். கரைந்துபோகும் செம்பைக் காப்பாற்ற, அதோடு வேண்டுமென்றே இரும்பு அல்லது துத்தநாகத் துண்டை இணைத்தார். அவர் எண்ணியபடியே செம்பு கரையவில்லை. கரையாததால் நஞ்சும் வெளிவரவில்லை. கொட்டலசும் பாசியும் செம்பின்மேல் செழித்து வளர்ந்தன! செம்பு தன்னை இழந்தால்தான் படகைக் காக்கும் என்பது அப்போது தெளிவாகியது.

இரண்டு பாடங்களும் கிராஞ்சியில் என் கண்முன் இருந்தன. மாணவி தேய்த்து முடித்த இடத்தில் அப்பா பூசியது, செம்பு ஆக்சைடு கலந்த சாயம். அது மெல்ல மெல்லக் கரைவதற்காகவே பூசப்படுகிறது. இயந்திரத்தின் உந்துவிசிறித் தண்டில் அவர் திருகியது புதிய துத்தநாகத் துண்டு. தண்டுக்குப் பதிலாக அரிபட்டுப் போவதுதான் அதன் வேலை.

நஞ்சு எல்லை மீறியபோது

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பைவிட வீரியமான ஒன்று வந்தது. டிபிடி எனப்படும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயம் அது. படகுகள் சுத்தமாயின. ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிப் பண்ணைகள் சரிந்தன. கடல் நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் இருந்தாலே இது தொடங்கிவிடும். 400 ஒலிம்பிக் நீச்சல்குளங்களில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் வரும் அளவு அது! பிரான்ஸ் 1982ல் சிறு படகுகளில் அதைத் தடை செய்தது. அனைத்துலகத் தடை உடன்பாடு 2001ல் ஏற்கப்பட்டு, 2008ல் நடப்புக்கு வந்தது.

அணைக்கு இரு பக்கமும்

அப்படியென்றால் சாயமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. அடியில் ஒட்டிய உயிர்கள் படகோடு ஊர் விட்டு ஊர் போகும். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி, 2016ல் ஜோகூர் நீரிணையில் கண்டறியப்பட்டது. அது வேகமாகப் பரவி, இங்கு இயல்பாக வாழும் பச்சைச் சிப்பியின் இடத்தைப் பிடித்து வருகிறது. இத்தகைய உயிர்கள் கடல் கடக்கும் முக்கிய வழி கப்பல் போக்குவரத்துதான்.

கிராஞ்சியில் இன்னொரு கவலையும் உண்டு. அணைக்கு ஒரு பக்கம் உப்புநீர் நீரிணை. மறுபக்கம் நாம் குடிக்கும் தண்ணீருக்கான கிராஞ்சி நீர்த்தேக்கம். சுரண்டிய பழைய சாயம் நச்சுத்தூள். அது இரண்டு பக்கமும் போகக்கூடாது. அந்தக் குடும்பம் படகின்கீழ் தார்ப்பாய் விரித்திருந்ததும், தூள் பறக்காமல் ஈரத்தில் தேய்த்ததும், கழிவை வாளியில் சேர்த்துத் தனியே ஒப்படைத்ததும் இதற்காகத்தான்.

தமிழகக் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் கடலிலிருந்து திரும்பியதும், கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிய கட்டை உலர்ந்து லேசாகும். ஒட்டிய உயிர்களும் வெயிலில் செத்துவிடும். நம் மாணவர்கள் பயிற்சி பெறும் சின்னஞ்சிறு பாய்மரப் படகுகளும் அன்றாடம் கரையேறுவதால், அவற்றுக்கு நச்சுச்சாயம் தேவையில்லை. தண்ணீரிலேயே நிற்கும் படகுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

பிற்பகலில் பாரந்தூக்கி படகைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கியது. பட்டைகளை உடனே கழற்றவில்லை. மாணவி உள்ளே குனிந்து, எங்காவது நீர் கசிகிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, “காஞ்சிருக்கு சார்!” என்றார். அதன்பிறகே பட்டைகள் கழன்றன.