கண்காட்சி கலைந்தது, கூரை நின்றது

கண்காட்சிக்காக எழும் கட்டடங்களுக்கு ஆயுள் குறைவு. யோசப் பக்ஸ்டன் 1851இல் இலண்டனில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய பளிங்கு மாளிகை, கண்காட்சி முடிந்ததும் கழற்றப்பட்டு நகரின் வேறொரு மூலையில் மீண்டும் பூட்டப்பட்டது. 1889இல் எழுந்த ஈபெல் கோபுரத்துக்குக் கிடைத்ததும் 20 ஆண்டு அனுமதிதான். வானொலிக்கு உயரமான இடம் வேண்டியிருந்ததால் அது தப்பியது.

கொழும்பிலும் அப்படி நிலைத்த ஒன்று உண்டு. 1965 பெப்ரவரியில் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காக, அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தின் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்த கோள்மண்டலம் அது. மருதானையிலிருந்து சற்றுத் தூரத்தில், கொழும்பு 7இல், இன்றும் நிற்கிறது.

அதன் கூரையைக் கவனியுங்கள்: மடிப்பு மடிப்பாகச் சரிந்து மேலே குவிகிறது. ஒரு தாளை ஓரத்தில் பிடித்தால் துவண்டு தொங்கும். அதையே விசிறிபோல மடித்தால் விறைத்து நிற்கும். பொருள் கூடவில்லை, மடிப்பின் ஆழம் கூடியிருக்கிறது. கொங்கிரீட் தகடும் அவ்வாறே. மெல்லியதாக இருந்தும் நீண்ட தூரத்தைத் தாண்டுகிறது.

குலசிங்க முன்னழுத்தக் கொங்கிரீட்டில் இலங்கையின் முன்னோடி. கொங்கிரீட் நெருக்குதலைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். அதனால் உள்ளே உருக்குக் கம்பிகளை இழுத்து இறுக்கி, அதை முன்கூட்டியே நெருக்கி வைக்கிறார்கள். பின்னர் சுமை இழுக்கும்போது, முதலில் அந்த நெருக்கந்தான் தளரும், வெடிப்பு தள்ளிப்போகும். களுத்துறையில் உட்புறம் வெறுமையான தாதுகோபத்தை எழுப்பியவரும் இவரே.

கோள்மண்டலத்தின் உள்ளே சுமார் 23 மீற்றர் விட்டமுள்ள குவிமாடத்தில், ஜெர்மனியின் கார்ல் சைஸ் கருவி நட்சத்திரங்களை எறிகிறது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் தென்வானின் பெரும்பகுதி நம் பார்வைக்கு வரும். நகர வெளிச்சத்தில் காணாமற்போன அந்தச் செல்வத்தைக் குவிமாடம் திருப்பித் தருகிறது.

ஒரு கண்காட்சியின் மிகப் பெரிய காட்சிப்பொருள் அதன் கட்டடமே. ஒரு நாடு எதைச் செய்யவல்லது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. பிள்ளைகளைக் கோள்மண்டலத்துக்குக் கூட்டிச் செல்பவர்கள், நட்சத்திரங்களுக்கு முன் அந்த மடிப்புகளைக் காட்டுங்கள். அவை ஏன் விழவில்லை என்று கேளுங்கள். பொறியியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.